ஐந்தரை அடி தூரம்

கடையில் அவனுக்கு ஃபோர்கே என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூன்று மாடி மின்சாதனக் கடையில் இரண்டாவது மாடி முழுக்க டிவி. சுவரெங்கும் ஒரே கிளி ஒரே நேரத்தில் ஒரே கிளையிலிருந்து பறக்கும். அந்தக் கிளிகளுக்கு நடுவே நின்று அவன் வாயைத் திறந்தால், மிக்ஸி வாங்க வந்து தவறுதலாக மாடியேறியவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"சாதா ஃபுல் எச்.டி. டிவில இருபது லட்சம் புள்ளி இருக்குங்க. இந்த ஃபோர்கே டிவில எண்பத்து மூணு லட்சம். அதே அகலம், அதே உயரம், உள்ள நாலு மடங்கு புள்ளி. கிளியோட கண்ணைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம் தெரியுதா? இப்ப அந்த டிவில பாருங்க. வளையம் எங்க? வெறும் கறை."

அந்த டிவிக்கு வேண்டுமென்றே மட்டமான பதிவைப் போட்டுவிட்டிருந்தார்கள் என்பது வேறு கதை. எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அதற்காக ஃபோர்கே ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அவன் பெருமைப்பட்டுக்கொண்டது இன்னொரு விஷயத்துக்கு. மற்ற விற்பனையாளர்கள் அங்குலக் கணக்கு பேசினால், இவன் தூரக் கணக்கு பேசுவான். இடுப்பில் எப்போதும் ஓர் அளவுநாடா தொங்கும்.

"உங்க சோபா சுவத்துல இருந்து எவ்வளவு தூரம்? பத்தடியா? அப்ப ஐம்பத்தஞ்சு இன்ச் ஃபோர்கே வாங்கி என்ன பிரயோஜனம்? பத்தடில இருந்து பார்த்தா எந்தக் கண்ணாலயும் அந்தப் புள்ளிய பிரிச்சுப் பார்க்க முடியாது. சாதா டிவியும் இதுவும் ஒண்ணுதான். ஐந்தரை அடிக்கு வாங்க, அப்ப தெரியும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவன் புத்தகம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. அவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் பின்னால் வந்த கேவலத்துக்கே காரணம்.

மாமனாருக்கு டிவி வாங்கிக் கொடுத்தது போன வருஷம். அவர் முப்பது வருஷம் துணிக்கடையில் நின்று அளந்து கிழித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கால்பந்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. பழைய டிவி போய்விட்டது என்றதும் ஃபோர்கே தானே ஐம்பத்தைந்து அங்குலத்தைத் தேர்ந்தெடுத்து, தானே வேனில் ஏறி வந்து, தானே சுவரில் மாட்டினான்.

மாட்டிய பின் நாடாவை நீட்டினான். மாமனாரின் கைவைத்த நாற்காலியை இழுத்து ஐந்தரை அடியில் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். நான்கு காலையும் சுற்றித் தரையில் கறுப்பு டேப் ஒட்டினான்.

"இந்த இடத்தை விட்டு நாற்காலி நகரவே கூடாது மாமா. நகர்ந்தா நாலு மடங்கு புள்ளியும் வீண்."

"விக்கிறவங்க வாயை நான் நம்ப மாட்டேன், நானும் வித்தவன்தானே" என்றார் மாமனார் சிரித்துக்கொண்டே. "மாப்பிள்ளை வாயை நம்புவேன்."

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மூன்று வாரம் கழித்து முதல் போன் வந்தது. கடையில் கூட்டம். ஒரு கையால் வாடிக்கையாளருக்கு ரிமோட்டைக் காட்டிக்கொண்டே மறு கையால் போனைக் காதில் வைத்தான்.

"வேலையா இருக்கீங்களா மாப்பிள்ளை? ஒண்ணுமில்ல. இடது மூலைல ஸ்கோர் போடுவான்ல, அது சமயத்துல தெரிய மாட்டேங்குது. படத்தோட ஓரம் வெட்டுப்படுற மாதிரி இருக்கு."

ஃபோர்கேவுக்கு இது கைவந்த விஷயம். சில டிவிகளில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் ஓர் அமைப்பு இருக்கும். அப்போது நான்கு ஓரமும் திரைக்கு வெளியே போய்விடும். மெனுவைத் திறங்க, படத்தின் அளவுக்குப் போங்க, 'முழுப்படம்' என்பதை அமுக்குங்க என்று மளமளவென்று சொன்னான். மாமனார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே அமுக்கினார்.

"முழுப்படம்தான் ஏற்கெனவே இருக்கு மாப்பிள்ளை."

"அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க."

"ம்... இப்பப் பரவாயில்ல."

பரவாயில்லை என்றார். மாப்பிள்ளை கேட்டால் வேறென்ன சொல்வார்? சோற்றில் கல் கடித்தாலும் மாப்பிள்ளை எதிரே மென்று விழுங்குகிற மனிதர்.

இரண்டாவது போனில், ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரன் திடீரென்று காணாமல் போய்விடுகிறான் என்றார். மூன்றாவதில், பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை என்றார். நாலாவது தடவை போன் வந்தபோது ஃபோர்கே பக்கத்தில் நின்ற சக ஊழியனைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். பிறகு, எந்தக் குறை சொன்னாலும் அந்த மாடியில் எல்லோரும் சொல்லும் பதிலை எடுத்துவிட்டான்.

"அது கம்பெனில இருந்து ஒரு அப்டேட் வரும் மாமா. வந்தா தானா சரியாயிடும்."

அப்படி ஓர் அப்டேட் வருவதாக யாரும் அவனிடம் சொல்லவில்லை. வாடிக்கையாளரை அனுப்பிவைக்க உதவும் சொல் அது. அதை வீட்டு மனிதரிடமும் கூசாமல் சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கிளியைக் காட்டப் போய்விட்டான்.

நேரில் போகும்போதெல்லாம் இன்னொரு கூத்து நடந்தது. நாற்காலி டேப்புக்குள் இருக்காது. பத்தடி, பதினோரடி தள்ளி, பின்சுவரை ஒட்டிக் கிடக்கும். அவனைக் கண்டதும் மாமனார் அவசர அவசரமாக எழுந்து அதை முன்னால் இழுக்கப் பார்ப்பார்.

"என்ன மாமா இது? பத்தடி தள்ளி உக்காந்து பார்க்கவா இவ்வளவு பெரிய டிவி?"

"பின்னாடி இருந்தா மொத்தமா தெரியுது மாப்பிள்ளை. கிட்ட வந்தா நடுவுல மட்டும்தான்..."

"பழக்கம் இல்ல, அவ்வளவுதான். ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கிட்டயே உக்காருங்க, கண்ணு தானா பழகிடும்."

கண் பழகிவிடும் என்றான். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

அவன் மனைவி மட்டும் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, அப்பா நேத்து கதவு நிலைல தோளை இடிச்சுக்கிட்டார். மேஜை ஓரத்துல இருந்த டம்ளரைத் தட்டி விட்டுட்டார். டிவியும் சரியாத் தெரியலங்கிறார். ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டலாமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. தான் மாட்டிய டிவியை, தான் அளந்த தூரத்தை, வீட்டுக்குள்ளேயே சந்தேகப்படுவதா?

"உங்கப்பா கண்ணு நல்லாத்தான் இருக்கு. போன வாரம் பேப்பர்ல பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிச்சார், நான் பார்த்தேன். அவருக்கு ஃபோர்கே பார்க்கத் தெரியல. அதுல நான் எக்ஸ்பர்ட்டா, நீ எக்ஸ்பர்ட்டா?"

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோர்கே ஒரு பென்டிரைவோடு மாமனார் வீட்டுக்குப் போனான். அதில் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா என்று சோதிக்கும் ஒரு கோலம் இருந்தது. நடுவில் ஒரு வட்டம், நான்கு ஓரத்திலும் அம்புக்குறிகள், ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் ஓர் எண். எண்கள் எல்லாம் தெரிந்தால் படம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். இன்றோடு இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். மனைவியும் மாமியாரும் சமையலறையில் இருந்தார்கள்.

நாற்காலியை டேப்புக்குள் இழுத்துப் போட்டு மாமனாரை உட்கார வைத்தான். கோலத்தைப் போட்டான். எல்லா எண்ணும் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன தெரியுது மாமா?"

"வட்டம் தெரியுது."

"அப்புறம்?"

"வட்டம்தான் மாப்பிள்ளை."

"ஓரத்துல அம்பு இருக்கே! எட்டு அம்பு!"

மாமனார் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். "ஆமாமா. இதோ ஒண்ணு இருக்கு. அங்க ஒண்ணு இருக்கு." குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல அவர் சொன்னது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. விறுவிறுவென்று போய் டிவியின் இடது பக்கம், சுவரோடு ஒட்டி நின்று, கையை நீட்டி மேல் மூலையைத் தட்டினான்.

"தலையை ஆட்டாம நேரா வட்டத்தைப் பாருங்க. இப்ப என் விரல் பக்கத்துல என்ன எண்ணு?"

மாமனார் வட்டத்தைப் பார்த்தார். அசையாமல் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு கேட்டார்.

"எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை?"

ஃபோர்கே ஐந்தரை அடியில், பட்டப்பகலில், அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

கையை மெல்ல ஆட்டினான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்து, "உள்ள போயிட்டாரா?" என்று தமக்குத்தாமே முணுமுணுத்தார்.

எட்டு மாதமாக அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் அவன் காதுக்குள் இறங்கியது. டிவியில் ஓரம் வெட்டுப்படவில்லை. அவர் கண்ணில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. நடு மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால்தான் பேப்பர் படித்தார், அதனால்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தள்ளிப் போனால் திரை சிறிதாகி, மிஞ்சிய பார்வைக்குள் அடங்கும். மனிதர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் சமாளித்திருக்கிறார். இவன் ஒவ்வொரு தடவையும் வந்து அவரை இழுத்து முன்னால் உட்கார வைத்திருக்கிறான்.

அடுத்து அவன் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். மனைவி வரும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, குனிந்து, தரையிலிருந்த டேப்பை நகத்தால் கீறி உரித்தான். மாமனாரின் கண் என்ன ஆனது என்பதற்கு முன்னால், தன் தடயத்தை மறைக்கத்தான் அவனுக்குத் தோன்றியது. நாலு காலுக்கும் உரித்து, உருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை, கீழ?" சத்தம் கேட்டு மாமனார் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. நாளைக்கு ஒரு கண் டாக்டரைப் பார்த்துடலாம். சும்மா, வயசுக்கு ஒரு செக்கப்."

மாமனார் அவன் முகத்தை நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு நன்றாகவே தெரியும்.

கண் மருத்துவமனையில் முதலில் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். பிறகு ஓர் இருட்டறையில், வெள்ளைக் கிண்ணம்போல் குழிந்த ஓர் இயந்திரத்தின் முன் மாமனாரை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவிலேயே பார்க்க வேண்டும், சுற்றி எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அமுக்க வேண்டும் என்றார் பரிசோதிக்கும் பெண். ஃபோர்கேவும் மனைவியும் பின்னால் நின்றார்கள். பரிசோதிப்பவரின் கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே மின்னுகிறது என்று தெரிந்தது. மேலே ஒன்று. அமுக்கவில்லை. இடது ஓரத்தில் ஒன்று. அமுக்கவில்லை. கீழே, வலது, மறுபடி மேலே. மாமனார் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்திருக்கத் தயாராக இருக்கும் மாணவன்போல், காத்துக்கொண்டே இருந்தார்.

அச்சிட்டு வந்த தாளை டாக்டரம்மா மேஜையில் வைத்தார். அதைப் படிக்க ஃபோர்கேவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. புள்ளிகளால் ஆன படம். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. புள்ளி புள்ளியாகச் செத்துப்போன திரையை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். அவற்றையெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கிளாக்கோமா" என்றார் டாக்டரம்மா. "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். ஓரத்துல இருந்துதான் போகும், வலிக்காது. போன பார்வை திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம்." பிறகு பேனாவை எடுத்தார். "எப்ப இருந்து இந்த மாதிரி?"

ஃபோர்கே தரையைப் பார்த்தான்.

"இப்பத்தான் டாக்டர்" என்றார் மாமனார் சட்டென்று. "ஒரு மாசம் இருக்கும். நான்தான் யார்கிட்டயும் சொல்லல. மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தார்."

மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. துணிக்கடையில் முப்பது வருஷம் நின்ற மனிதர், கிழிந்த இடத்தை உள்ளே மடித்து, நல்ல பக்கத்தை மேலே வைத்து அவனைத் தம் மகளிடம் நீட்டுகிறார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசத்துல இவ்வளவு போகாதே பெரியவரே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேகமா போகுதா, மெதுவா போகுதான்னு தெரிஞ்சாத்தான் சொட்டு மருந்து போதுமா, ஆபரேஷன் வேணுமான்னு முடிவு பண்ண முடியும். இது விளையாட்டு இல்ல."

"ஒரு மாசம்தான்..." என்று இழுத்தார் மாமனார்.

"எட்டு மாசம்" என்றான் ஃபோர்கே.

மறுபடி சொன்னான். "எட்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கார் டாக்டர். முதல்ல இடது மூலை. ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டு ஓரமும். அஞ்சாவது மாசம் கதவுல இடிச்சுக்கிட்டார்."

"யார்கிட்ட சொன்னார்?"

"எங்கிட்ட."

"நீங்க என்ன பண்ணீங்க?"

எத்தனை பேர் முன்னால் எத்தனை வருஷம் வாய் கிழியப் பேசியவன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். வராத அப்டேட் வரும் என்று சொன்னேன் என்று சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னான். தரையைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாக, டேப்பை உரித்ததுவரை சொன்னான். டாக்டரம்மா எதையும் முகத்தில் காட்டாமல் தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார் மெதுவாக. "டிவிலதான் கோளாறுன்னு நானும்தானே நினைச்சேன்."

மனைவி அப்பாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தாள். "நான் கேட்டப்பவே கூட்டிக்கிட்டு வந்திருந்தா, டாக்டர்?"

"அது எத்தனை மாசம் முன்னாடி?"

"மூணு மாசம்."

டாக்டரம்மா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பேனா முனையால் கறுப்பின் உள் விளிம்பில், வெள்ளையை ஒட்டிய இடத்தைச் சுற்றி லேசாகக் காட்டினார். "இதெல்லாம் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது." ஆபரேஷன் செய்துவிடுவதுதான் நல்லது, அடுத்த வாரமே தேதி தருகிறேன் என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீங்க சொந்தப் பொண்ணுதானே? இது குடும்பத்துல வரக்கூடியது. உங்களுக்கும் இன்னைக்கே அந்தப் புள்ளி டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்."

ஃபோர்கே மனைவியைப் பார்த்தான். இந்த எட்டு மாதமும் இவளுக்குத் தலை வலிக்கிறது என்றால், மேஜை மூலையில் இடித்துக்கொண்டேன் என்றால், தான் என்ன பதில் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தான். ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன என்று நினைவில்லை.

இருட்டறை வாசலில் பரிசோதிக்கும் பெண் அவளைக் கூப்பிட்டார். அவளுடைய கைப்பையை வாங்கிக்கொள்ள அவன் கையை நீட்டினான். அவள் அதை அப்பாவின் மடியில் வைத்தாள். உள்ளே போகுமுன் நின்று, குரலை உயர்த்தாமல், கோபம்கூட இல்லாமல், வீட்டு விஷயம் ஒன்றை முடிவுசெய்து சொல்வதுபோலச் சொன்னாள்.

"இனிமே எனக்கு ஏதாவது சரியா தெரியலைன்னா, நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேங்க. நேரா டாக்டர்கிட்டயே வந்து சொல்லிக்கிறேன்."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.